வாளியில ஒட்டிக்கொண்டு நிண்ட மீன். உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ

முள்ளியவளையான்:
போன கிழமை எங்கட பக்கத்துக் குளத்துக்கு மீன் குஞ்சு விட்டவை, அதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு நோர்வே ஞாபகம் வந்திட்டுது. நான் அங்க ஒரு சால்மன் பண்ணையில மூண்டு வருசம் நிண்டனான். ஒரு வலைக்கூட்டுக்குள்ள 2 லட்சம் மீன் வரை விடலாம், அவ்வளவும் ஒரே இடத்தில எண்டா பேன் பிடிக்காம இருக்குமே? கடல் பேன், மீன்ர தோலைத் தின்னும். சராசரியா ஒரு மீனுக்கு வளந்த பெட்டைப் பேன் 0.5 க்கு மேல போகேலாது எண்டு அங்க சட்டம். மருந்துக்கும் பேன் பழகிப்போச்சுது, அதால பேன் தின்னுற மீனையே வாங்கிக் கூட்டுக்குள்ள விடுறவை. 2019 இல மட்டும் நோர்வேயில கிட்டத்தட்ட 60 மில்லியன் விட்டவையாம்.

அதில லம்ப் மீன் எண்டு ஒண்டு. சின்னக் கத்தரிக்காய் மாதிரி உருண்டை, வயித்தில ஒட்டிப்பிடிக்கிற உறிஞ்சி ஒண்டு இருக்கு, கல்லிலயோ கடல் பாசியிலயோ ஒட்டிக்கொண்டு கிடக்கிற சீவன். நல்லா நீந்தாது. அதை நீரோட்டத்துக்க விட்டா எங்க போய் ஒட்டும்? அதுக்குப் பிளாஸ்ரிக் பாசி தொங்க விடுவினம், ஆனா ஊத்தை பிடிச்சாக் கழுவ ஆள் இல்லை. ஒருநாள் வாளியில ஒண்டை அள்ளினன், ஊத்திவிடப் பாக்கிறன் விழுதில்லை, வாளிச் சுவரில ஒட்டிக்கொண்டு என்னையே பாக்குது, ஒரு கண் வெள்ளையாப் போயிருந்தது. கையால இழுக்க ‘பொளக்’ எண்டு சத்தம். செட்டையும் அரைவாசி இல்லை.

பேன் எடுக்கிறதுக்கு சால்மனைச் சுடுதண்ணிக்குள்ளால பம்ப் பண்ணுற மெசின் வரும், அதுக்கு முதல் இந்த மீனுகளைப் பிரிச்சு எடுக்கவேணும். ஒருக்கா ரைம் இல்லை, விடுங்கோ எண்டு மேலாள் சொன்னார். அடுத்த நாள் செத்ததுகளை நான்தான் வாரினன்.

குளத்தடி_கண்ணன்:
அண்ணை, இஞ்சயும் அதே கதைதான். எங்கட குளத்துக்குக் குஞ்சு கொண்டுவந்த ஆக்கள் மத்தியானம் 12 மணி வெயிலில பையை அறுத்து நேர ஊத்திச்சினம். ஒட்சிசன் அடைச்ச பொலித்தீன் பை, லொறியில வந்தது, உள்ளுக்கிருக்கிற தண்ணி ஒரு சூடு குளம் இன்னொரு சூடு. பையைக் கட்டோட ஒரு கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குளத்துத் தண்ணியைச் சேத்துத்தான் விடவேணும் எண்டு சங்கத்தில வயசான ஐயா ஒராள் கத்திக்கொண்டே நிண்டவர், ஆர் கேட்டது? பின்னேரம் பாத்தா கரையெல்லாம் வயித்தைக் காட்டிக்கொண்டு வெள்ளையா.

சிலாவத்துறை_சங்கு:
நான் சங்கு குளிக்கப் போறனான். கல்லுப் பாரில நீலக் கோடு போட்ட விரலளவு மீன் ஒண்டு நிக்கும், களவாய் வந்து வாயைத் திறந்துகொண்டு அசையாம நிக்கும், இவர் செவுளுக்குள்ள பூந்து துப்பரவு பண்ணிப்போட்டு வருவார். விழுங்காது! அங்க வேணுமெண்டா வரலாம் வேண்டாமெண்டா போகலாம். உங்கட கூட்டுக்க அந்த லம்ப் மீன் எங்க ஓடுறது? அதுசரி, உண்மையா பேன் தின்னுமோ?

முள்ளியவளையான்:
சிலது தின்னும் தம்பி, கனக்க தின்னாது, சால்மனுக்குப் போடுற தீனையே பொறுக்கித் தின்னும். ராஸ் எண்டு இன்னொரு இனம் இருக்கு, குளிர் காலத்தில அசைய மாட்டுது, ஒளிச்சுக் கிடக்கும். காட்டு ராஸை ஆழத்தில பிடிச்சு டக்கெண்டு தூக்கினா உள்ளுக்க காத்துப் பை ஊதி அதிலயே அடிபடும். நோர்வேயின்ர 2009 மிருக நலச் சட்டத்தில மீனும் சேத்திதான். ஆனா அந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆக்களே பண்ணையளைச் சோதிச்சு 2020 இல சொன்ன இடைக் கணக்கு (வரிசையில வச்சா நடுவில வாறது), பேன் தின்னுற மீனில நூற்றுக்கு 42 சாகுதாம். அது எண்ணுப்பட்டது. அழுகிக் கரைஞ்சு போனதை ஆர் எண்ணுறது.

வவுனியா_ராசன்:
இஞ்ச மனிசருக்கே ஒரு நலமும் இல்லை, நீங்கள் மீனுக்கு அழுறியள் 😀

குளத்தடி_கண்ணன்:
ராசண்ணை, குஞ்சு செத்தா அடுத்த வருசம் வலைக்க என்ன வரும் எண்டு எங்களிட்டக் கேளுங்கோ.

சிலாவத்துறை_சங்கு:
கடைசியாக் கேக்கிறன், அந்த லம்ப் மீன் கறிக்கு ஆகுமோ?

முள்ளியவளையான்:
அதின்ர முட்டையைத்தான் அங்க போத்தலில அடைச்சு விக்கிறவை. சதை தண்ணி மாதிரி. எங்கட கூட்டில செத்ததுகள் ஒண்டுக்கும் ஆகாது, சால்மன் பிணத்தோட சேத்து மெசினில அரைச்சு அசிட் ஊத்தி ராங்கிக்குள்ள விடுறது. போடமுதல் எண்ணி எழுதவேணும். லம்ப் மீனுக்கு ஒரு கட்டம் இருந்தது, அண்டைக்கு என்னை ‘ஏறக்குறைய’ எண்டு எழுதச் சொன்னவை.