1992 உலகக் கோப்பை: மழை விதி புகுந்த ஆட்டங்கள்

1992 உலகக் கோப்பை என்றாலே இங்கிலாந்து – தென்னாப்பிரிக்கா அரையிறுதியில் சிட்னி ஸ்கோர்போர்டில் எரிந்த "1 பந்தில் 22 ரன்" படத்தைத்தான் எல்லோரும் பகிர்கிறோம். அதற்குக் காரணமான மழை விதி அன்று ஒருநாள் மட்டும் வந்து போனதில்லை. லீக் ஆட்டங்களிலேயே பலமுறை புகுந்து விளையாடியிருக்கிறது. அவரவர் நன்றாக அறிந்த ஆட்டத்தை இங்கே எழுதலாம். "அன்றைக்கு எங்கள் வீட்டு டிவியில்" வகையறா வேண்டாம். ஓவர், ரன், காரணம் போதும்.

புதியவர்களுக்காக: 9 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற எட்டோடும் ஒருமுறை மோதும். வெற்றிக்கு 2 புள்ளி, முடிவில்லாத ஆட்டத்துக்கு ஆளுக்கு 1. முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் அரையிறுதிக்கு.

அதற்கு முன்பிருந்த மழை விதி வெறும் சராசரி. 50 ஓவரில் 200 என்றால் 25 ஓவருக்கு 100. பத்து விக்கெட்டையும் வைத்துக்கொண்டு பாதி ஓவர் ஆடுகிறவனுக்கு அது அல்வா. அதைச் சரிசெய்யப் போய்த்தான் புது விதி கொண்டுவந்தார்கள். முதலில் ஆடிய அணியின் ஒவ்வொரு ஓவரிலும் எத்தனை ரன் வந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். சேஸ் செய்யும் அணி இழந்தது 3 ஓவர் என்றால், அந்தப் பட்டியலில் ஆகக் குறைவாக ரன் வந்த 3 ஓவர்களை அடித்து நீக்க வேண்டும். மீதி 47 ஓவரின் ரன்னைக் கூட்டி, அதோடு ஒன்று சேர்த்தால் புது டார்கெட்.

கோளாறு எங்கே என்றால், நன்றாகப் பந்து வீசிய அணியிடம் மெய்டன்கள் (பவுலர் ஒரு ரன்னும் கொடுக்காத ஓவர்கள்) இருக்கும். முதலில் அடிபடுவது அந்த மெய்டன்கள்தான். ஓவர் போகும், டார்கெட் அப்படியே நிற்கும். பவுலர் போட்ட நல்ல ஓவருக்கு அவனுடைய அணியே தண்டம் கட்டும்.

* * *

பிரிஸ்பேன், மார்ச் 1, இந்தியா – ஆஸ்திரேலியா. நான் எடுத்துக்கொள்வது இதை.

ஆஸ்திரேலியா 237/9, டீன் ஜோன்ஸ் 90. இந்தியா 45/1 என்று ஆடிக்கொண்டிருந்தபோது மழை. கொஞ்ச நேரம்தான் ஆட்டம் நின்றது, போனது 3 ஓவர். ஆஸ்திரேலியாவின் ஆகக் குறைந்த 3 ஓவர்களில் மொத்தமாக வந்திருந்ததே 2 ரன். ஆக 47 ஓவரில் 236 எடுக்க வேண்டும். பழைய சராசரிக் கணக்கில் 223 போதும். வித்தியாசம் 13 ரன்.

அசாருதீன் 93, மஞ்ச்ரேக்கர் 47. கடைசி ஓவருக்கு 13 ரன், போடுவது டாம் மூடி. கிரண் மோர் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பினார். மூன்றாவதையும் அப்படியே அடிக்கப் போய் பவுல்டு. கடைசிப் பந்துக்கு 4 ரன் என்று வந்து நின்றது. ஸ்ரீநாத் தூக்கி அடிக்கிறார், எல்லைக்கோட்டுப் பக்கம் ஸ்டீவ் வாஹ் கேட்சை விடுகிறார். விட்டவர் அங்கேயே திகைத்து நிற்கவில்லை, உடனே எடுத்து எறிந்தார். இரண்டு ரன் ஓடி முடித்து, மூன்றாவதுக்கு வெங்கடபதி ராஜு ஓடி வருகிறார். அது முடிந்திருந்தால் டை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்றது டேவிட் பூன். ஹீலிக்குக் காயம் என்பதால் அன்று அவர்தான் கீப்பர். ராஜு ரன் அவுட். இந்தியா 234, தோல்வி 1 ரன்னில்.

கேட்சைப் பிடித்திருந்தாலும் ஆஸ்திரேலியாதான் ஜெயித்திருக்கும் என்பதால் பலர் அந்த எறிதலைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் சிறந்த ஃபீல்டிங் அந்த விட்ட கேட்ச்தான்.

* * *

பிரிஸ்பேனைச் சொல்லும் நம்மவர்கள் யாரும் ஹாமில்டனைச் சொல்வதில்லையே, ஏன் சார்? மார்ச் 7, இந்தியா – ஜிம்பாப்வே. மழையால் இந்தியாவின் ஆட்டம் 32 ஓவரோடு முடிந்தது, 203/7, டெண்டுல்கர் 81. ஜிம்பாப்வே 19.1 ஓவரில் 104/1 என்று இருக்கும்போது மறுபடி மழை. இந்தியா 55 ரன் வித்தியாசத்தில் வெற்றி! ஒரே ஒரு விக்கெட்டை இழந்து ஓவருக்கு ஐந்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்த அணி 55 ரன்னில் தோற்றதாக ரெக்கார்டில் இருக்கிறது. இந்தியாவின் சிறந்த 19 ஓவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அப்படித்தான் வரும்.

மெக்காயில் இலங்கையோடு ஆட வேண்டிய ஆட்டம் இன்னும் மோசம். பிப்ரவரி 28. இரண்டே பந்து, இந்தியா 1/0, ஆட்டம் ரத்து. கணக்குப் போடவே அங்கே ஒன்றுமில்லை.

* * *

பாகிஸ்தான் இதே விதியில் அடியும் வாங்கியது, மழையால் பிழைக்கவும் செய்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் புள்ளிப் பட்டியல் புரியும்.

மார்ச் 8, பிரிஸ்பேன். தென்னாப்பிரிக்கா 211/7. பாகிஸ்தான் 21.3 ஓவரில் 74/2, அதாவது 171 பந்தில் 138 தேவை. மழை நின்று வந்தால் 14 ஓவர் காலி. டார்கெட்டில் குறைந்தது 18 ரன்தான். 36 ஓவரில் 194. மிச்சம் 87 பந்தில் 120. சராசரி விதிப்படி 152 வந்திருக்கும், பாகிஸ்தான் எடுத்தது 173. ஜான்டி ரோட்ஸ் பறந்துபோய் ஸ்டம்பைச் சாய்த்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கிய போட்டோ இந்த ஆட்டத்துடையது. 48-ல் இருந்தவர் அப்படி ஓடியதற்குக் காரணமே இந்த 87 பந்து நெருக்கடிதான். மழை வராமல் இருந்தால் அந்த ரன்னுக்கு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள்.

இப்போது அதற்கு ஒரு வாரம் முன்னால் அடிலெய்டு, மார்ச் 1. காயத்தால் இம்ரான் இல்லை, மியான்தத் கேப்டன். பாகிஸ்தான் 74-க்கு ஆல் அவுட். இங்கிலாந்தின் டெரெக் பிரிங்கிள் 8.2 ஓவரில் 8 ரன்னுக்கு 3 விக்கெட். மழைக்குப் பிறகு இங்கிலாந்துக்கு 16 ஓவரில் 64 என்று டார்கெட் கொடுத்தார்கள். 74 ரன்னில் 63 ரன் வெறும் 16 ஓவர்களில் வந்திருந்தது, மீதி ஓவர்கள் எல்லாம் வறட்சி. சராசரியில் 24 ரன் எடுத்தால் வெற்றி. இங்கிலாந்து 8 ஓவரில் எடுத்ததும் சரியாக அந்த 24-தான்! மேலும் மழை பெய்து ஆட்டம் கைவிடப்பட்டது. ஆளுக்கு ஒரு புள்ளி.

லீக் முடிவில் நியூசிலாந்து 14, இங்கிலாந்து 11, தென்னாப்பிரிக்கா 10, பாகிஸ்தான் 9. அடுத்து ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் தலா 8. அடிலெய்டின் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் மூன்று அணிகள் 8-ல் நிற்கும், ரன் ரேட்டைத்தான் பார்க்க வேண்டும். 74 ஆல் அவுட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பாகிஸ்தானின் ரன் ரேட் எங்கே இருந்திருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

* * *

அரையிறுதி பற்றி ஒரு திருத்தம். சிட்னி, மார்ச் 22. உண்மையில் தேவைப்பட்டது 1 பந்தில் 21. ஸ்கோர்போர்டு 22 என்று காட்டியது தவறு.

இங்கிலாந்து 252/6, ஹிக் 83. ஆனால் அது 45 ஓவரில். தென்னாப்பிரிக்கா நேரத்துக்குள் 50 ஓவரைப் போட்டு முடிக்கவில்லை, அதனால் இங்கிலாந்துக்கு 5 ஓவர் போச்சு. கடைசியில் வெளுத்துக்கொண்டிருந்த டெர்மட் ரீவுக்கு இன்னும் 5 ஓவர் கிடைத்திருந்தால் ஸ்கோர் எங்கேயோ போயிருக்கும். தென்னாப்பிரிக்காவுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, டாஸ் ஜெயித்து முதலில் ஃபீல்டிங் கேட்டவர் தென்னாப்பிரிக்க கேப்டன் கெப்ளர் வெசல்ஸ். மழைக்காலத்தில் இந்த விதியை வைத்துக்கொண்டு சேஸ் செய்ய முடிவெடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அதே 45 ஓவர் சேஸில் தென்னாப்பிரிக்கா 42.5 ஓவரில் 231/6. 13 பந்தில் 22 தேவை, களத்தில் மெக்மில்லன், ரிச்சர்ட்சன். 12 நிமிட மழை. முதலில் ஒரு ஓவர் போனது என்று 7 பந்தில் 22 அறிவிப்பு, பிறகு இன்னொரு ஓவரும் போச்சு. அடிக்கப்பட்ட இரண்டு ஓவரும் தென்னாப்பிரிக்காவின் மெய்ரிக் பிரிங்கிள் போட்ட மெய்டன்கள். அவற்றில் லெக் பையாக (உடம்பில் பட்டு ஓடியது, பவுலர் கணக்கில் சேராது) வந்திருந்த ஒரே ஒரு ரன் மட்டும் கழிந்து டார்கெட் 252 ஆனது. பேட்டில் பட்டு ஒரு ரன்கூட விடாத பவுலர் தன் அணிக்குச் செய்த உபகாரம் அந்த ஒரு ரன். மெக்மில்லன் கடைசிப் பந்தைத் தட்டி ஒரு சிங்கிள் எடுத்துவிட்டு நடந்தார். தோல்வி 19 ரன்னில்.

பழைய சராசரி இருந்திருந்தாலும் 241, அதாவது 1 பந்தில் 10. அதுவும் தேறாது. பிற்பாடு டக்வொர்த்-லூயிஸ் முறையில் கணக்கிட்டபோது கடைசிப் பந்தில் 5 ரன் என்று வந்தது. கையில் உள்ள விக்கெட், எந்தக் கட்டத்தில் ஓவர் போனது என்ற இரண்டையும் அந்த முறை பார்க்கிறது. 1997-ல்தான் முதன்முதலில் சர்வதேச ஆட்டத்தில் வந்தது.

* * *

மழையை மட்டும் பேசினால் அந்த உலகக் கோப்பைக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். நியூசிலாந்து ஆடிய விதத்தையும் யாராவது எழுதணுமே, அண்ணன்மார்களே.

முதல் 15 ஓவருக்கு உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் இரண்டு பேர்தான். எல்லா அணிகளும் அந்த 15 ஓவரை வேகப்பந்தை வைத்து ஓட்டி, பேட்டிங்கில் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. நியூசிலாந்து கேப்டன் மார்ட்டின் குரோ இரண்டையும் தலைகீழாக்கினார். ஆக்லாந்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் புதுப் பந்தை ஆஃப் ஸ்பின்னர் தீபக் படேலிடம் கொடுத்தார். பந்தில் வேகம் இல்லாததால் பேட்ஸ்மேன் தானே பலம் போட்டு அடிக்க வேண்டும். ஈடன் பார்க் பிட்ச் மெதுவானது, பந்து எழும்பாது. படேல் 10 ஓவரில் 36 ரன்தான் கொடுத்தார். அடுத்து லார்சன், ஹாரிஸ், லேத்தம் என்று மிதவேகக்காரர்கள், ஆளுக்குச் சின்னச் சின்ன ஸ்பெல். பேட்டிங்கில் கிரேட்பாட்ச் தொடக்கத்திலேயே வட்டத்துக்கு மேலே தூக்கி அடித்தார். ஜான் ரைட்டுக்குக் காயம் பட்டதால் கிடைத்த வாய்ப்பு அது.

பாகிஸ்தானுக்கு எதிரான அரையிறுதியில் குரோ 91 அடித்தார், தொடையில் தசைப் பிடிப்பு, ஃபீல்டிங்குக்கு வரவில்லை. 262 என்பது அந்தக் காலத்தில் பெரிய ஸ்கோர். பாகிஸ்தானுக்கு 15 ஓவரில் 123 தேவை என்ற நிலையில் இன்சமாம் வந்து 37 பந்தில் 60. பவுலர்களை எப்போது மாற்றுவது என்பது முழுக்கக் குரோவின் தலைக்குள் இருந்த திட்டம். களத்தில் இருந்த மாற்றுக் கேப்டனுக்கு அது கைவரவில்லை.

* * *

இறுதி ஆட்டத்தில் மழை இல்லை, ஆனாலும் அதை வைத்தே விதியைச் சோதிக்கலாம். மெல்போர்ன், மார்ச் 25. பாகிஸ்தான் 24/2. இம்ரானும் மியான்தத்தும் உருட்டி உருட்டி 25 ஓவரில் 70. மொத்தம் 249, ஆக அடுத்த 25 ஓவரில் 179. மழை பெய்து இங்கிலாந்துக்குப் பாதி ஓவர் போயிருந்தால் 25 ஓவரில் குறைந்தது 180 எடுக்க வேண்டியிருக்கும். சராசரியில் 125. அந்தக் காலத்தில் எல்லோரும் ஆடியது இந்த பாணிதான்: இரண்டு முனையிலிருந்தும் தனித்தனிப் புது வெள்ளைப் பந்து, இரண்டும் ஸ்விங் ஆகும், தொடக்கத்தில் ரன் வராது, விக்கெட்டை வைத்துக் கடைசியில் அடிப்பது. வறண்ட ஓவர்களை மட்டும் கழிக்கும் விதியை இந்த பாணிக்கு மேல் போட்டால் வேறென்ன நடக்கும்?

* * *

அந்த இரண்டு பந்து விஷயத்தில் ஒரு சேர்க்கை. அதே இறுதி ஆட்டத்தில் வாசிம் அக்ரம் 35-வது ஓவரில் லாம்பையும் கிறிஸ் லூயிஸையும் அடுத்தடுத்த பந்தில் பவுல்டு ஆக்கியதைப் "பழைய பந்து" என்று எழுதுகிறார்கள். ஒரு முனைக்கு ஒரு பந்து என்பதால் அதன் வயது 17 ஓவர்தான். லாம்புக்கு ரவுண்ட் தி விக்கெட் வந்து உள்ளே கோணம் கொடுத்து வெளியே போனது, ஆஃப் ஸ்டம்ப் காலி. லூயிஸுக்கு அதே கோணத்தில் உள்ளே வளைந்தது, பேட்டின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்புக்குள். 141/4 என்று நின்ற இங்கிலாந்து 141/6. ஃபேர்பிரதர் 62 எடுத்தும் 227-ல் முடிந்தது.

இரண்டு புதுப் பந்து முறை 2011-ல் திரும்பி வந்தது. பழைய பந்தில் மட்டும் வரும் ரிவர்ஸ் ஸ்விங் செத்துவிட்டது என்ற புகார் ஓயாததால், 2025-ல் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்தில் தொடர வேண்டும் என்று மாற்றினார்கள்.