யாரோ கைவைத்த பழைய ப்ரீ-ஆம்ப்: உங்களுக்கு வாய்த்தது எப்படி?

ஈயப்பற்று, லண்டன்

குவாட் 33 என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, புதியவர்களுக்காக மட்டும் ஒரு வரி: ரெக்கார்ட், ரேடியோ என்று வருவதில் ஒன்றைத் தேர்ந்து, சத்தத்தைச் சரிசெய்து பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் இங்கிலாந்து ப்ரீ-ஆம்ப். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலில் வாங்கினேன், விற்றவர் "ஓடுது" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் சாதாரண 33தான். பின்னால் திருப்பினால் அந்தக் காலத்து வட்டமான டின் (DIN) சாக்கெட் ஒன்றுகூட இல்லை! ஐந்து முள் சாக்கெட்டுகள் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு வெட்டி வைத்து, இப்போது வழக்கமான ஆர்சிஏ சாக்கெட் போட்டிருக்கிறார்கள், தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் பிசிறு இல்லை, அரம் போட்டு அவ்வளவு நிதானமாக இழைத்திருக்கிறது ஒரு கை.

மூடியைக் கழற்றினால் அடுத்த ஆச்சரியம். ரேடியோ 2 உள்ளீட்டில் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர், தொடராக ஒரு 100 கிலோ ஓம், தரைக்கு ஒரு 5.1 கிலோ ஓம். பக்கத்தில் பென்சிலில் "சி.டி." என்று எழுதி ஒரு அம்புக்குறி. 33 வந்தது 1967-ல், அப்போது சி.டி.யே கிடையாது. ரேடியோ உள்ளீட்டுக்கு 100 மில்லிவோல்ட் போதும், சி.டி. பிளேயரோ 2 வோல்ட் வரை தள்ளும், அதாவது இருபது மடங்கு. அந்த இரண்டு ரெசிஸ்டரும் சிக்னலை ஏறக்குறைய அதே இருபது மடங்குதான் குறைக்கின்றன. கெபாசிட்டர்களில் 9312 என்று தேதிக்குறி, 1993-ன் 12-ஆவது வாரம். ஆக 1993-ல் யாரோ ஒரு மனுஷன் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார். வால்யூம் குமிழைப் பாதிவரை தாராளமாகத் திருப்ப முடிகிறது, சத்தமும் இரண்டு பக்கமும் சமமாக வருகிறது. இதைக் கழற்றிப் பழையபடி ஆக்குவதா, அப்படியே விடுவதா? மனசு ஒரு பக்கம் சாய மாட்டேன் என்கிறது.

நாலுபக்க அட்டை, பர்மிங்ஹாம்

ஒரு திருத்தம். 9312 என்றால் அந்தக் கெபாசிட்டர் செய்த வாரம், வேலை நடந்த வாரம் இல்லை. அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லலாம். டிராயரில் பல வருஷம் கிடந்த சரக்காகவும் இருக்கலாம். ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே பளபளப்பா, சுற்றிலும் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்கான பிசின்) பழுப்பு ஒரே மாதிரி படிந்திருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு பேர் இரண்டு காலத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

என் கதை வேறு மாதிரி. "விசேஷமாக மாடிஃபை செய்தது" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 33 அது. ரெக்கார்ட் போட்டால் சன்னமாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி வந்தது. உள்ளே அலசினால் ஒரு ஈயப்பொட்டுகூடப் புதிது இல்லை. கடைசியில் பின்பக்கம் இருக்கும் டிஸ்க் அட்டையைப் பிடுங்கினேன். அதை நான்கு விதமாகச் செருகலாம், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வகை கார்ட்ரிட்ஜுக்கு (ரெக்கார்ட் ஊசி இருக்கும் பகுதி). யாரோ அதை செராமிக் கார்ட்ரிட்ஜ் பக்கமாகத் திருப்பிச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்! அதைக் கையில் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிஷம் இருக்கிறதே, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜுக்கான பக்கமாகத் திருப்பிப் போட்டேன், கனமான கீழ்ச்சத்தம் முழுசாக வந்துவிட்டது. விசேஷ மாடிஃபிகேஷனாம்.

உங்களுடையதை ஒரிஜினலாக ஆக்கிவிடுங்கள். டின் சாக்கெட் இன்னும் கிடைக்கிறது.

பூண்டு வாசனை, நியூ ஜெர்சி

ஒரிஜினல் ஒரிஜினல் என்கிறீர்களே, எங்கள் ஊர் டைனகோ கம்பெனி ப்ரீ-ஆம்ப்பில் எது சார் ஒரிஜினல்? பிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்ளர் அதை முக்கியமாகக் கிட்டாகத்தான் விற்றார். சர்க்யூட் போர்டு மட்டும் பாகங்கள் பொருத்தித் தயாராக வரும், மீதி வயரிங் எல்லாம் வாங்கினவர் பாடு. சமையலறை மேஜையில் செய்தது, கல்லூரி விடுதியில் செய்தது என்று ஒவ்வொரு பெட்டியும் பிறக்கும்போதே வேறு வேறு.

எனக்கு வந்தது டைனகோவின் பாஸ்-3 (PAS-3), 1960 வாக்கில் வந்த மாடல். நான்கு 12ஏஎக்ஸ்7 வால்வு இருந்தன. ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு 12எக்ஸ்4 இருக்கவேண்டிய சாக்கெட் காலி, அடியில் இரண்டு சிலிக்கன் டையோடு. கப்ளிங் கெபாசிட்டர் ஒவ்வொன்றும் கட்டை விரல் தடிமனில், விலையைப் பார்த்தால் ப்ரீ-ஆம்பையே இன்னொன்று வாங்கிவிடலாம். பரவாயில்லையே என்று ஸ்விட்ச் போட்டேன். வால்வு சூடாவதற்குள் அழுகிய பூண்டு மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டருக்கு டிசி தருகிற செலினியம் ரெக்டிஃபையர், பழைய காலத்துத் தட்டு அடுக்கு. அத்தனை பணம் கெபாசிட்டரில் கொட்டியவர் இதைத் தொடவே இல்லை! அந்தப் புகை விஷம். பாஸ்-3 வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

செலினியத்தை எடுத்துவிட்டு சிலிக்கன் டையோடுகளும், வோல்டேஜ் ஏறாமல் இருக்கத் தொடரில் ஒரு ரெசிஸ்டரும் போட்டேன். அதற்குப் பிறகு கேட்க ரொம்ப நன்றாகத்தான் இருக்கிறது, பெண் குரல்களில் முக்கியமாக. ஆனால் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்புடன் சேர்த்தால் கீழ்ச்சத்தம் மெலிந்துவிடும், வால்வு ஆம்ப்புடன்தான் அதற்குப் பொருத்தம்.

சீரிஸ் பல்பு, மதுரை

என் மாமா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த 33 எங்கள் வீட்டில் இருக்கிறது, அதிலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள், யார் என்று தெரியாது. கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாருமே பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. நியூ ஜெர்சி சார் நேராக ஸ்விட்ச் போட்டேன் என்கிறார், எனக்குப் படிக்கும்போதே பதறுகிறது. பழைய பெட்டி எதுவானாலும் முதலில் சீரிஸ் பல்பு வழியாகத்தான், அதாவது கரன்ட் அதிகம் பாயாமல் இருக்கத் தொடரில் ஒரு பல்பு மாட்டித்தான், கொடுக்க வேண்டும். 33 சில வாட்தான் இழுக்கும், அதற்கு 100 வாட் பல்பு மாட்டினால் சின்னப் பழுது எதையும் காட்டாது, 15 வாட் குண்டு பல்பு மாட்டுங்கள், எல்இடி கூடவே கூடாது. அதற்கும் முன்னால் வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள், இங்கே சில இரவுகளில் 250 தாண்டுகிறது. ஃபியூஸை எடுத்து மதிப்பைப் படியுங்கள், உள்ளே வெள்ளித்தாள் சுற்றி வைத்த மகானுபாவர்கள் உண்டு. எர்த் வயர் உண்மையிலேயே பெட்டியின் உலோகத்தில் முடிகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஹம் (உறுமல் சத்தம்) வருகிறது என்று எர்த்தை வெட்டிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பவர் ஆம்ப்பை மாட்டுவதற்கு முன் வெளியீட்டில் டிசி இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, அட்டைகளின் செம்பு விளிம்பில் கறுப்புப் படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். "ஒரு பக்கம் விட்டு விட்டு வருது" என்பதில் பாதி அந்த அழுக்குதான்.

ஈயப்பற்று, லண்டன்

மதுரை அண்ணே, ஓடிக்கொண்டிருக்கிற செட்டு அது, நான் கேட்டது வேறு. ஆனாலும் எர்த்தைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

பர்மிங்ஹாம்காரர் சொன்ன ஈயத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரே கை வேலைதான், தேதி பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். டின் சாக்கெட் வாங்கப்போவதில்லை. அந்தத் தகட்டைக் கழற்ற எனக்கு மனசு வராது.

7கே, கொழும்பு

சாக்கெட்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் இருக்கிற ஃபில்டரை யாராவது தொட்டீர்களா? 5கே, 7கே, 10கே (கிலோஹெர்ட்ஸ்) என்று மூன்று பொத்தான், அழுத்தினால் அதற்கு மேலான கீச்சு ஒலியைக் குறைக்கும், எவ்வளவு வேகமாகக் குறைக்க வேண்டும் என்று வைக்கப் பக்கத்தில் ஸ்லோப் குமிழ். கல்கத்தா டம்டம்மில் அச்சான பழைய தமிழ் ரெக்கார்டுகள் எங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன, ஊசி ஓடி ஓடித் தேய்ந்தவை. 7கே-யை அழுத்தி ஸ்லோப்பை மெதுவாக ஏற்றிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் கரகரப்பு பின்னால் போய்விடும், குரல் மட்டும் நிற்கும். நாதஸ்வரம் வந்தால் உடனே கேன்சல் அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் கூர்மை போய்விடும். இந்த வசதி உள்ள ப்ரீ-ஆம்ப் இப்போது எத்தனை வருகிறது?

என்னுடையதிலும் டின்னை எடுத்து ஆர்சிஏ போட்டிருக்கிறார்கள், துளைகள் கோணல்மாணல், ஒன்று பாதி உடைந்தே போயிருக்கிறது. போகட்டும். ஃபில்டர் போர்டில் கைவைக்காமல் விட்டானே, அது போதும் எனக்கு.