சாக்லேட் மெஷின் வாங்கும் முன் ஆலோசகர் தேவை – ஆனைமலை

வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் கோகோ ஊடுபயிர். ஈரக்கொட்டையாக விற்காமல் நாங்களே புளிக்கவைத்து, காயவைத்து, சாக்லேட் போடப் பார்க்கிறோம். எந்த மெஷின் வாங்குவது என்பதில்தான் முட்டி நிற்கிறது.

மெலாஞ்சர் (கோகோவை நைசாக அரைக்கும் கல் மெஷின்) விற்கும் ஒருவர் 10 கிலோ பிடிப்பது போதும் என்கிறார். இன்னொருவர் 40 கிலோவுக்குக் குறைந்தால் வீண் என்கிறார். இருவருமே விற்பவர்கள், அப்புறம் எப்படி நடுநிலையாகச் சொல்வார்கள்?

வறுத்து, முறத்தில் தோல் புடைத்து, வீட்டு டில்டிங் கிரைண்டரில் ஓட்டிப் பார்த்தாயிற்று. மாவாட்டச் செய்த மோட்டார். நாள் முழுக்க ஓடுமா? சூடேறி நின்றுவிடுகிறது. சாக்லேட் நாக்கில் மணலாக நெருநெருக்கிறது. டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து உறையவைப்பது) கையால்தான். 31, 32 டிகிரியில் பிடித்து நிறுத்த முடியாமல் மறுநாளே மேலே வெள்ளை பூக்கிறது. யூடியூபில் பார்க்காத வீடியோ இல்லை, நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு யாரும் வழி சொல்வதில்லை.

மாதம் 30 கிலோ, பால் சேர்க்காத டார்க் சாக்லேட் மட்டும். சிங்கிள் பேஸ் கரண்ட், 10க்கு 12 அறை, ஏசி இன்னும் போடவில்லை. தைக்குள் தொடங்க வேண்டும்.

மெஷின் விற்காத, கட்டணம் வாங்கிக்கொண்டு நேரில் பார்த்து எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் யாராவது இருக்காங்களா?