புதுப்பிப்பு: வெர்டனின் அழிந்த கிராமங்கள்

முதல் உலகப் போரின்போது, 1916இல் பிரெஞ்சுப் படைக்கும் ஜெர்மன் படைக்கும் நடந்த வெர்டன் போரில் தரைமட்டமான ஒன்பது பிரெஞ்சு கிராமங்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "ஆளே இல்லாத ஊருக்கு மேயர் எதற்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

ஒன்பதில் ஆறு ஊர்களில் இன்றும் யாரும் குடியில்லை. ஆனாலும் சட்டப்படி அவை ஊர்கள்தான். வாக்காளர் இல்லாததால் தேர்தல் கிடையாது. மாவட்டத்துக்குப் பொறுப்பான அரசு அதிகாரியே மேயரை நியமிக்கிறார். நினைவிடத்தைப் பராமரிப்பதும் அஞ்சலி நிகழ்ச்சி நடத்துவதும்தான் முக்கிய வேலை. எனக்கு இது வெறும் சடங்காகத் தெரியவில்லை. ஊர்ப் பெயரை அரசுப் பதிவேட்டில் விடாமல் வைத்திருப்பதே பெரிய காரியம்.

அந்த ஆறில் ஒன்றான ஃப்ளூரியை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் நானூறு பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். 1916 கோடையில் இரு படைகளுக்கும் இடையே 16 முறை கைமாறியது. இப்போது மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் குண்டுக்குழிகள், அவற்றின் மேல் புல். பாதையோரம் சிறு அடையாளங்கள் நட்டிருக்கிறார்கள்: இங்கே பள்ளி, இங்கே ரொட்டிக்கடை, இங்கே ஒரு விவசாயியின் வீடு.

திரும்பக் கட்டாததற்குக் காரணம் மண்தான். வெடிக்காத குண்டுகள், நச்சு வேதிப்பொருள்கள், மீட்கப்படாத உடல்கள். அரசு அந்த நிலத்தைச் 'சிவப்பு மண்டலம்' என்று அறிவித்து, பெரும்பகுதியில் காடு வளர்த்தது. குண்டுகள் இன்னமும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.