மின்சாரப் பிரச்சினைக்காகக் குறைதீர் மன்றம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரை போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கெடிலக்கரைவாசி:

டிரான்ஸ்பார்மர் லைன் எங்கள் தெருவில்தான் முடிகிறது. சாயங்காலம் ஆனால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், தண்ணீர் ஏறாது. பிளக்கில் சொருகும் வோல்ட் மீட்டர் வாங்கிப் பார்த்தேன்: 170. இருக்க வேண்டிய 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம். 216-க்குக் கீழே போகக் கூடாது. லைன்மேனிடம் எப்போது சொன்னாலும், "லோடு அதிகம் சார், எஸ்டிமேட் போட்டிருக்கு" என்பார். பாவம், அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

அப்புறம் தேதிவாரியாக ரீடிங் எழுதி மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கினேன். மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் என் பேச்சு எடுபட்டது அந்த நகலால்தான். 2003 மின்சாரச் சட்டம் 42(5) பிரிவின்படி அமைக்கப்பட்ட மன்றம் அது. வக்கீல் தேவைப்படவில்லை. "பீக் நேரத்தில் லோடு கடைசியாக எப்போது அளந்தீர்கள்?" என்று தலைவர் கேட்டதும் பொறியாளர் ஃபைலைப் புரட்டினார், தேதி கிடைக்கவில்லை. எழுத்தில் உத்தரவு வந்தது. இப்போது எங்கள் தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர்.

தலைவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அவர்தான் எங்கள் மின்வாரிய வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரும். தன் கீழ் வேலை செய்பவர்கள் மீதான புகாரை அவரே விசாரிப்பது எப்படிச் சரியாகும்? அந்த நாற்காலியில் ஆணையம் நியமிக்கும் வெளியாள் உட்கார வேண்டும். மேல்முறையீட்டுக்குச் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சரி. கூலி வேலையை விட்டுவிட்டு அங்கே யார் போவார்கள்? 2022 கட்டண உயர்வுக்குக் கருத்துக்கேட்பு நடந்ததும் கோவை, மதுரை, சென்னையில்தான். கடலூர்க்காரனும் மின்கட்டணம் கட்டுகிறானே!

புதுவையிலிருந்து:

எங்களுக்கு மின்சாரம் தருவது அரசுத் துறையே. கட்டணத்தை முடிவு செய்வது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை ஒழுங்குமுறை ஆணையம், அலுவலகம் குருகிராமில். ஆனாலும் கருத்துக்கேட்பைப் புதுச்சேரியிலேயே நடத்துகிறார்கள். நானும் போனேன். அரசு அலுவலகங்கள் வைத்திருக்கும் பாக்கியை வசூலித்த பிறகு எங்கள் கட்டணத்தில் கை வையுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். பின்னால் வந்த ஆணையில் என் ஆட்சேபம், துறையின் பதில், ஆணையத்தின் கருத்து மூன்றும் அச்சில் இருந்தன. கட்டணம் குறையவில்லைதான். இருந்தாலும் துறையை எழுத்தில் பதில் சொல்ல வைத்தோம் என்பது எனக்குப் பெரிய விஷயம். துறை ஆணையத்திடம் கொடுக்கும் கட்டண மனு முழுவதையும் தமிழில் தந்தால் இன்னும் நூறு பேர் வந்து கேள்வி கேட்பார்கள்.

முந்திரித்தோப்பு:

2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கம் மின்கம்பமெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். புயல் வெள்ளத்துக்கு இழப்பீடு கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். என் பிரச்சினை வேறு. புது இணைப்புக்குப் பணம் கட்டிய பிறகும் இழுத்தடித்தார்கள். தமிழ்நாடு ஆணையத்தின் 2004 செயல்திறன் விதிகளில் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1000 என்று பார்த்து, எழுதிக் கேட்டேன். அடுத்த பில்லில் கழித்தார்கள். என்னோடு பணம் கட்டிய பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு ஒரு பைசா வரவில்லை, அவர் கேட்காததால். தொலைவிலிருந்தே கண்காணிக்க முடிகிற குறைகளுக்குக் கேட்காமலே இழப்பீடு தர வேண்டும் என்று 2020 மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில் இருக்கிறது. அப்படித் தானாக வரவு வைக்கப்பட்ட பில் யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள், அதைக் காட்டிப் பெரியவருக்கு மனு எழுதித் தருகிறேன்.