பச்சை இறைச்சி தின்கிற நாய்க்கு மலம் இறுகினால்: நாய் வளர்ப்பவர்கள் தங்கள் ஊர்ப்பெயரில் எழுதியவை

பரந்தன்
கனடாவில் இருக்கிற மச்சான் வந்து நின்றபோது, நாய்க்குச் சோறும் குழம்பும் வேண்டாம், பச்சை இறைச்சி கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே சதை, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் அளவாகக் கலந்து பொதியாக விற்கிறார்கள். இங்கே கோழிக்கடையில் மலிவாகக் கிடைப்பது கழுத்தும் காலும் முதுகுக்கூடும்தான். அம்மா அதைத்தான் வாங்கிப் போட்டார். கொஞ்ச நாளில் நாய் வேலிக்கரையில் குந்திக் குந்தி முக்கத் தொடங்கியது. கடைசியில் விழுந்தது சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது. தடியால் தட்டினால் மாவாக உதிர்ந்தது.

நிறத்தைச் சொன்னதுமே மிருக வைத்தியர், "எலும்பு கூடிப்போச்சு" என்றார். கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்காவது எலும்பு, காலில் பாதிக்கு மேல். பச்சை உணவு கொடுப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு 80 வீதம் சதை, 10 வீதம் எலும்பு, 10 வீதம் ஈரல் மாதிரியான உள்ளுறுப்பு. எலும்பு அதைத் தாண்டினால் அதிலுள்ள கல்சியம் மலத்தை வறட்டிவிடும். வைத்தியர் சொன்னபடி எலும்பை நிறுத்தினோம். வெறும் சதை, துண்டு ஈரல், உப்பும் தூளும் வெங்காயமும் போடாமல் அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு கரண்டி, இவ்வளவுதான். மலம் மண்ணிறத்துக்குத் திரும்பிய பிறகுதான் கழுத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஈரலை ஒரேயடியாகக் கூட்டிவிடாதீர்கள், வயிற்றோட்டம் பிடிக்கும். இப்போது அம்மாவே காலையில் வேலிக்கரையைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய கழுத்துக் கணக்கைத் தீர்மானிக்கிறார்.

மல்லாவி
பச்சை இறைச்சி தின்கிற நாய்க்கு மலம் கொஞ்சமாகத்தான் வரும். சோறு தின்கிற நாயைப் போல இரண்டு நேரமும் போகாது. ஒருநாள் போகாவிட்டால் பதற வேண்டாம், துள்ளித் திரிந்து ஒழுங்காகத் தின்றால் சரி. ஆனால் முக்குவதெல்லாம் மலச்சிக்கல் இல்லை. எங்கள் கிழட்டுக் கடுவன் முக்கியது சிறுநீர் போகாமல். சலப்பையில் கல். வீட்டில் எல்லோரும் பூசணிக்காய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீர் முற்றாக அடைபட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

நெடுங்கேணி
தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. இறைச்சியிலேயே ஏறக்குறைய முக்கால் பங்கு நீர் இருப்பதால் இந்த நாய்கள் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் இங்கே ஆடி, ஆவணியில் சோளகக் காற்று அடித்துக் கிணறும் அடிமட்டத்துக்குப் போகும்போது அது காணாது. வெய்யிலில் கொதித்த சட்டித் தண்ணீரை நாய் மணந்துவிட்டுப் போய்விடும். சட்டியை மரநிழலுக்கு மாற்றினேன், இறைச்சியிலும் தண்ணீர் தளும்ப விட்டுக் கொடுக்கிறேன். பின்னேரம் குளக்கட்டில் ஓட விட்டால் பாதி வழியிலேயே மலம் போய்விடும்.

ஆச்சி விளக்கெண்ணெய் பருக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். வைத்தியர் வேண்டாம் என்றார். வாயைப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கிற, மலவாசலால் ஏற்றும் எனிமாவும் கூடாது. பொஸ்பேற் வகை நாயின் உயிரையே எடுக்கும்.

முள்ளியவளை
மேலே எழுதியதெல்லாம் பச்சை எலும்புக் கதை. எங்கள் நாய்க்கு வினை வந்தது கலியாண வீட்டு ஆட்டெலும்பால். அவித்த எலும்பு கூராகப் பிளக்கும், குடலைக் கிழிக்கவும் செய்யும். வாந்தி, இறுகிய வயிறு, தின்னாமல் சுருண்டு கிடப்பது, முக்கியும் ஒன்றும் வராதது, இதெல்லாம் ஒன்றாகக் கண்டால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தை விசாரித்து நாங்கள் வவுனியா வரைக்கும் ஓட்டோவில் ஓடினோம். எந்த இடத்தில் எக்ஸ்ரே உண்டு என்று நாய் சுகமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பரந்தன்
காட்டுப் பன்றி இறைச்சியைப் பச்சையாகக் கொடுக்கலாமா என்று பக்கத்து வளவுத் தம்பி கேட்கிறார். வேண்டாம் தம்பி, அதன் சதைக்குள்ளேயே புழு இருக்கலாம். மாட்டின் நுரையீரல், ஈரலில் நீர்க்கட்டி தெரிந்தால் அதையும் நாய்க்கு எறிய வேண்டாம். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுக் குஞ்சு, அது நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து மனிதருக்கும் தொற்றும். புழு மருந்தை எந்த இடைவெளியில் கொடுப்பது என்று வைத்தியரிடமே கேளுங்கள். வளவில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள், இறைச்சி வெட்டின பலகையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.