அடிஸ் அபாபாவில் இறங்கிய புதன்கிழமை

எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்பார்கள். கும்பகோணத்தில் பாட்டி இருந்தவரை, தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்; சாப்பிடுகிற கையால் குழம்புக் கரண்டியைத் தொடக் கூடாது. ஐம்பத்திரண்டு வயது வரை அப்படியே இருந்தேன், என் பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தேன். எத்தியோப்பியாவில் சாப்பிட்ட முதல் சாப்பாட்டை நான் விரிவாகச் சொல்லத் துடிப்பதற்கு அதுதான் காரணம்.

தம்பி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறான். மும்பையில் விமானம் ஏறி, காலையில் அடிஸ் அபாபாவில் இறங்கினேன். பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அரைக் கிலோ உளுந்து எல்லாம் இருந்தன. முட்டைகூடத் தொடாதவள் அங்கே போய் என்ன சாப்பிடுவாள் என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கவலை. தம்பி மட்டும், "அக்கா, இன்று புதன்கிழமை. நீ கவலையே படாதே" என்றான்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பையும் மற்ற நோன்புகளையும் கூட்டினால் வருஷத்தில் 180 நாட்களுக்கு மேல் வந்துவிடுகிறது. இத்தனை நாள் நோன்பு இருக்கிற ஊரில் பருப்பும் கீரையும் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே போனால் 'யெட்ஸோம்' என்ற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நோன்புக்கு உரியது என்று பொருள்.

தம்பியோடு வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் தொலைபேசியில், "ஏழு மணிக்கு வந்துவிடுங்கள்" என்றார். இரவு ஏழு என்று நினைத்து நான் படுக்கப் போனேன். தம்பி எழுப்பினான். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். அவர்களுக்கு ஏழு மணி என்றால் நமக்குப் பகல் ஒன்று. அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நம் நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்து தொடங்குவதுதானே.

சின்ன உணவகம். நாங்கள் நான்கு பேர். முதலில் ஒரு பெண் செம்பும் தட்டும் கொண்டுவந்து எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒரே ஒரு தட்டு வந்தது. வண்டிச் சக்கரம் போன்ற பெரிய தட்டு, அதை முழுவதும் மூடியபடி இஞ்செரா என்ற தோசை போன்ற ஒன்று, அதன் மேல் வட்டமாகப் பத்துக் கறிகள். சிவப்பு மிளகாய் மசாலாவான பெர்பெரேயில் கொதித்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, பூண்டு மணக்கும் கீரை, முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், பீட்ரூட், நடுவில் கடலை மாவுக் குழம்பு போலத் தளதளவென்று ஷிரோ. எனக்கென்று ஒரு தட்டு தனியாக வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அங்கே தட்டு என்பதே நான்கு பேருக்கு உரியது.

வலது கையால் இஞ்செராவைக் கிழித்தேன். மேல்பக்கம் முழுவதும் சிறு சிறு துளைகள். அவற்றைக் 'கண்கள்' என்கிறார்கள். வாயில் வைத்ததும் புளிப்பு. இரண்டு நாள் புளித்த தோசை மாவின் புளிப்பு, ஆனால் அதைவிட ஆழமானது, நாக்கின் ஓரத்தில் நிற்பது. பருப்போடு சேர்ந்ததும் அந்தப் புளிப்பு அடங்கி, காரமும் அதுவும் ஒன்றாகிவிட்டன. கறிகளின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு அடியில் கிடக்கும் இஞ்செராவைக் கடைசியில் சாப்பிட வேண்டும். அதற்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வாய் சாப்பிட்டிருப்பேன். அந்தப் பெண்மணி ஒரு துண்டைக் கிழித்து, கீரையையும் பருப்பையும் அள்ளிச் சுருட்டி, விரல்கள் நனைந்திருக்க, என் வாய்க்கு நேரே நீட்டினார். "குர்ஷா" என்றான் தம்பி. விருந்தினருக்கு அன்பாக ஊட்டுவதை அப்படிச் சொல்கிறார்கள். உருண்டை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பிரியம். மறுத்தால் மனம் வருந்துவார்கள்.

என் உடம்பு முழுவதும் இறுகிப்போனது. ஒரு நொடிதான். வாயைத் திறந்தேன். அவருடைய விரல் நுனி என் உதட்டில் பட்டது. உருண்டை பெரியதாக இருந்ததால் உடனே மெல்ல முடியவில்லை; கண்ணில் நீர் வந்தது, அது பெர்பெரேயால் வந்ததில்லை. என் பாட்டி நிலா முற்றத்தில் பழைய குழம்புச் சோற்றை உருட்டிக் கையில்தான் வைப்பார். யாரோ எனக்கு ஊட்டிவிட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? கணக்குப் பார்க்க முடியவில்லை. என் முறை வந்தபோது, அவருக்கு நான் ஊட்டவில்லை. கை எழவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குத்தான் அன்று முழுவதும் உறுத்தியது.

பக்கத்து மேசையில் இருந்த முதியவர் எங்களைப் பார்த்து, தமக்குப் பள்ளியில் கணக்கு எடுத்தவர் ஓர் இந்தியர் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைகூப்பினார். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் நம் நாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே போய் வேலை பார்த்தார்கள்.

சாப்பிட்ட பிறகு அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டிப்போனார்கள். 'மிட்டாட்' என்ற அகலமான வட்டக் கல், இப்போது மின்சாரத்தில் சூடாகிறது. நாம் நடுவில் மாவை ஊற்றி வெளியே இழுப்போம். அந்தப் பெண் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தார், நம் ரவா தோசை மாதிரி. கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததும் மூடியால் மூடினார். ஆப்பத்தைப் போலவே, திருப்பிப் போடுவது கிடையாது. வெந்ததும் ஓலைத் தட்டைச் செருகி அலுங்காமல் எடுத்தார். மாவு தெஃப் என்ற தானியத்தில் ஆனது. கேழ்வரகே அதற்கு முன் பெரியது. மாவின் மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீருக்கு 'எர்ஷோ' என்று பெயர். அதை வடித்து வைத்து அடுத்த மாவில் சேர்க்கிறார்கள்.

காபியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பச்சைக் கொட்டையை நம் கண் முன்னே வறுத்து, புகையை நம் பக்கம் விசிறி, ஜெபெனா என்ற மண் கூஜாவில் கொதிக்கவைத்து, மூன்று சுற்று தருகிறார்கள். நோன்பு நாள், பால் இல்லை. டிகிரி காபி ஊரில் பிறந்த நான் மூன்றையும் குடித்தேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்: அடிஸ் ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும், இஞ்செரா வயிற்றில் கனமாக நிற்கும். பசி அடங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை உளுந்தை ஊறப்போட்டு அரைத்தேன். அந்தக் குளிரில் மாவு பொங்கவில்லை. தம்பி சொல்லக் கேட்டு அந்தப் பெண்மணி மாலையில் ஒரு சின்னப் பாட்டிலில் தம் வீட்டு எர்ஷோ கொண்டுவந்தார். இரண்டு கரண்டி கலந்து, கம்பளியைச் சுற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமை, மறுபடியும் நோன்பு. நெய் இல்லாமல் எண்ணெய்த் தோசை, சாம்பார். நால்வருக்கும் ஒரே தாம்பாளம் வைத்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், தோசையைக் கிழித்துச் சாம்பாரில் தோய்த்து, முதல் வாயை நானே ஊட்டினேன்.